முழு ஊரடங்கு அறிவிப்பு வந்ததும் ஒரு தெரு செய்ய வேண்டியவை

ஊரடங்கு அறிவிக்கப்படுவதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில்தான் மக்கள் மிக அதிகமாக ஓரிடத்தில் கூடுகிறார்கள் என்பதைத் தமிழ்நாடு கொரோனா காலத்தில் மீண்டும் மீண்டும் கண்டது. 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலம் முழுவதும் 144 தடை உத்தரவு அமலுக்கு வரும் என்று தெரிந்ததும், சொந்த ஊருக்குக் கிளம்பியவர்களால் கோயம்பேடு பேருந்து நிலையம் நிரம்பி வழிந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். ஏப்ரல் 24 அன்று, சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் 26 முதல் 29 வரையிலும் சேலம், திருப்பூரில் 26 முதல் 28 வரையிலும் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் சனிக்கிழமை காலை கடைவீதிகளில் கூடிய கூட்டத்தைப் பார்த்த அரசு, அன்று ஒரு நாள் மட்டும் கடை நேரத்தைப் பிற்பகல் 3 மணி வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2021 மே 22ஆம் தேதி, தளர்வுகளற்ற ஊரடங்கு 24 முதல் ஒரு வாரத்துக்கு என்று அறிவிக்கப்பட்டபோதும் சந்தைகளில் அதே நெரிசல்தான். காய்கறி விலையும் அதே வேகத்தில் ஏறியது.

ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சி விவாதங்களில் மக்களுக்குப் பொறுப்பில்லை என்ற ஏச்சு எழுந்தது. அந்த ஏச்சு நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. நான்கு நாட்களுக்கு மளிகைக் கடை திறக்காது என்று ஒரு நாள் மாலை சொன்னால், வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ உள்ள எவரும் மறுநாள் விடியலில் கடைக்குத்தான் போவார். எது கிடைக்கும், எது கிடைக்காது, யாரிடம் கேட்பது என்பவை தெரியாத நிலையில் கூட்டம் கூடுவது இயல்பு. அவை தெரிந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி வீட்டிலேயே இருந்திருக்கும். ஆகவே, இன்னொரு பெருந்தொற்று வந்து இன்னொரு ஊரடங்கு அறிவிக்கப்படுமானால், குடியிருப்போர் நலச் சங்கமோ, இளைஞர் மன்றமோ, மகளிர் சுய உதவிக் குழுவோ, அல்லது அக்கறையுள்ள நான்கைந்து வீட்டாரோ தங்கள் தெருவளவில் என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: உத்தரவை முழுமையாகப் படிப்பது

தொலைக்காட்சியின் அடியில் ஓடும் வரியை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஊரடங்கு தொடர்பான விவரங்கள் முதலில் முதலமைச்சரின் அறிக்கையாகச் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகவும், பின்னர் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையின் அரசாணையாகவும் வெளிவந்தன. மத்திய உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகளும் தனியாக வந்தன. மாநில அரசு அவற்றைவிடக் கடுமையாக நடந்துகொள்ளலாம், அவற்றைத் தளர்த்த முடியாது என்பதே 2020இல் இருந்த ஏற்பாடு. இந்த வேறுபாடு தெரியாததால்தான், கடைகளைத் திறக்கலாம் என்று தில்லியிலிருந்து செய்தி வந்த நாளில் இங்கே சிலர் கடையைத் திறந்துவிட்டுக் காவலரிடம் வாதாடும் நிலை ஏற்பட்டது.

அறிக்கை கைக்கு வந்ததும், அதில் முதலில் பார்க்க வேண்டியது எந்தப் பகுதிக்கு அது பொருந்தும் என்பது. 2020 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டு 19 முதல் 30 வரை நடைமுறையில் இருந்த முழு ஊரடங்கு, சென்னையோடு திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் குறிப்பிட்ட பகுதிகளுக்கு மட்டுமே உரியது. அந்த எல்லைக்கு வெளியே இருந்த ஊர்களில்கூடச் சிலர் அன்றே பொருட்களை வாங்கிக் குவித்தார்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது விலக்குப் பட்டியல். பால், மருந்துக் கடை, மருத்துவமனை, அவசர ஊர்தி, அம்மா உணவகம் ஆகியவை ஏறத்தாழ எல்லா ஊரடங்குகளிலும் விலக்குப் பெற்றன. மளிகையும் காய்கறியும்தான் முறைக்கு முறை மாறின: ஜூன் 2020இல் கடைகள் பிற்பகல் 2 மணி வரை திறந்திருந்தன, ஆனால் 21, 28 ஆகிய இரு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தளர்வும் இல்லை, மே 2021இன் கடைசி வாரத்தில் கடைகள் மூடியிருந்தன, காய்கறிகளையும் பழங்களையும் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சி அமைப்புகளும் வாகனங்களில் வீதிக்குக் கொண்டுவந்தன. மூன்றாவதாக, பயணத்துக்கு அனுமதி தேவையா, தேவையென்றால் எந்த வகை என்பதைப் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரே தாளில், பெரிய எழுத்தில், நம் தெருவுக்கு எது பொருந்துமோ அதை மட்டும் எழுதி, தெருமுனைக் கடையிலும் குடிநீர்க் குழாயடியிலும் கோயில், பள்ளிவாசல், தேவாலயச் சுவரிலும் ஒட்டுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று எண்ண வேண்டாம். மிகவும் பதறுபவர்களில் பலரிடம் அந்த வசதி இருக்காது. "பால் தினமும் வரும். மருந்துக் கடை திறந்திருக்கும். காய்கறி வண்டி வரும்" என்ற மூன்று வரிகள் சுவரில் இருந்தாலே, மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒரு பகுதி குறைந்துவிடும்.

கூட்டத்தைச் சிறிதாக்குவது

சந்தைக் கூட்டம் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்குக் கோயம்பேட்டைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. சென்னைக்குக் காய்கறி, பழம், பூ எல்லாம் வந்து சேரும் அந்த ஒரே வளாகத்தில் சுமைதூக்குவோர், லாரி ஓட்டுநர்கள், சில்லறை வியாபாரிகள், வீட்டுக்கு வாங்க வந்தவர்கள் என எல்லாரும் நெருக்கமாக நின்றார்கள். ஏப்ரல் இறுதியில் அங்கே தொடங்கிய தொற்று, ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் போன்ற மாவட்டங்களுக்கும் பரவியது. 2020 மே 5 அன்று வளாகம் மூடப்பட்டு, காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில்தான் மீண்டும் அங்கே காய்கறி வியாபாரம் தொடங்கியது. நான்கு நாள் ஊரடங்கு கொடுத்த பாதுகாப்பை அதற்கு முந்தைய நாளின் நெரிசல் அரித்துவிடக்கூடும் என்பதை ஒவ்வொரு தெருவும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இதற்குத் தெருவளவில் எளிய வழி உண்டு. ஐந்து அல்லது ஆறு வீடுகளுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, அந்த ஒருவரே எல்லாருக்குமாகப் பட்டியலோடு கடைக்குப் போக வேண்டும். அறிவிப்பு வந்த இரவே பட்டியலைத் தொகுத்துத் தெருவிலுள்ள மளிகைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டால், அவர் பொருட்களைக் கட்டி வைப்பார். எந்த வீட்டார் எந்த நேரத்தில் வந்து எடுத்துக்கொள்வது என்று அவரே சொல்லிவிடுவார். கடைக்காரருக்கும் இது நன்மை. இருக்கும் சரக்கு எத்தனை வீட்டுக்கு எட்டும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரிவதால், முதலில் வந்தவர் பத்துக் கிலோ வெங்காயத்தை அள்ளிக்கொண்டு போக, கடைசியில் வந்தவர் வெறுங்கையோடு திரும்பும் நிலை வராது.

எவ்வளவு வாங்குவது என்பதிலும் அளவு வேண்டும். அரிசியும் பருப்பும் பெரும்பாலான வீடுகளில் ஒரு வாரத்துக்கு ஏற்கெனவே இருக்கும். நியாய விலைக் கடையில் மாத ஒதுக்கீட்டை இன்னும் வாங்காதவர்கள் முதலில் அதை வாங்கிவிட வேண்டும். காய்கறியில் கீரை, கத்தரி, வெண்டை ஆகியவற்றை முதல் இரண்டு நாட்களுக்கும், முருங்கை, கேரட், முட்டைக்கோஸ் ஆகியவற்றை அடுத்த இரண்டு நாட்களுக்கும், பூசணி, சேனை, உருளை, வெங்காயம் ஆகியவற்றை அதற்குப் பின்னும் என்று கணக்கிட்டு வாங்கினால் வீணாகாது. பால் தினமும் வரும் என்னும்போது ஐந்து நாள் பாலை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் அடுக்குவது, பச்சைக் குழந்தை உள்ள அடுத்த வீட்டின் பங்கை எடுப்பதாகும். மாத்திரை விஷயத்தில் மட்டும் தாராளமாக இருங்கள்: சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான மருந்துகள் ஒரு மாதத்துக்குக் கையில் இருக்க வேண்டும். சமையல் எரிவாயு உருளைக்குப் பதிவு செய்யாதவர்கள் அன்றே பதிவு செய்துவிட வேண்டும்.

கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போடுவது பயன் தரும். ஆனால் அது எப்படிப் பிசகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். நியாய விலைக் கடைகளின் முன்னால் வட்டங்களுக்குள் பைகளும் செருப்புகளும் கல்லும் ஒழுங்காக வரிசையில் நிற்க, அவற்றுக்கு உரியவர்களோ வெயிலுக்கு அஞ்சி ஒரே வேப்பமர நிழலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். வட்டம் போடுபவர்கள் நிழலையும் சேர்த்துப் போட வேண்டும்: ஒரு சாமியானாத் துணியும், நேரம் குறித்த டோக்கனும் இருந்தால் போதும். 2020 ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் வழங்கப்பட்டபோதும், 2021 மே மாதத்தில் 4,000 ரூபாயின் முதல் தவணையான 2,000 ரூபாய் வழங்கப்பட்டபோதும், நாளும் நேரமும் எழுதிய டோக்கன்கள் கொடுக்கப்பட்டன. டோக்கனில் உள்ள நேரத்தை மக்கள் நம்பிய இடங்களில் வரிசை குறுகியே இருந்தது.

வாங்க முடியாதவர்களைக் கணக்கெடுப்பது

இதுவரை சொன்னதெல்லாம் கையில் பணம் உள்ளவர்களுக்கானது. ஊரடங்கு அறிவிப்பைக் கேட்டு வாங்கிக் குவிப்பவர்களையே எல்லாரும் பேசுகிறோம். வாங்க வழியில்லாமல் அமைதியாக வீட்டுக்குள் இருந்துவிடுபவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒரு தெருவின் முதல் கடமை இவர்களைக் கண்டறிவதே என்று நான் கருதுகிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்துக்கு ஒரு வீடு என்று எழுதுங்கள். வீட்டில் எத்தனை பேர், அவர்களில் முதியவர் எத்தனை, குழந்தை எத்தனை. சம்பாதிப்பவர் செய்யும் வேலை தினக்கூலியா, வாரக்கூலியா, மாதச் சம்பளமா. குடும்ப அட்டை உண்டா, அது இந்த ஊர்க் கடையில் உள்ளதா. டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற நிறுத்த முடியாத மருத்துவம் யாருக்காவது உண்டா. கருவுற்றவர் இருந்தால் பிரசவ நாள் எப்போது. தனியாக வாழும் முதியவரின் பக்கத்தில், அவரைத் தினமும் காலையில் குரல் கொடுத்து விசாரிக்க வேண்டியவர் யார் என்பதையும் எழுதுங்கள். இந்தக் குறிப்பேடு இரண்டு பேர் கையில் மட்டும் இருக்க வேண்டும். அதன் பக்கங்களைப் படமெடுத்துக் குழுவில் போடுவது அந்த வீட்டாரின் மானத்தை விலைபேசுவதாகும்.

வீட்டு வேலை செய்யும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், சலவைத் தொழிலாளர்கள், முடிதிருத்துவோர், கட்டடத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு ஊரடங்கின் முதல் நாளிலேயே வருமானம் நின்றுபோகும். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லும் வீட்டார், வராத நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்பதை அதே மூச்சில் சொல்லி, முடிந்தால் முன்பணமாகவே கொடுத்துவிட வேண்டும். வாடகைக்கு விட்டிருப்பவர்கள் 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த உத்தரவை நினைவில் கொள்ளலாம்: தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகையைக் கேட்டு நெருக்கக் கூடாது, வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று அது கூறியது. அடுத்த முறை அப்படி ஓர் உத்தரவு வருமா என்று காத்திருக்கத் தேவையில்லை. வீட்டுக்காரரே முன்வந்து சொல்லலாம்.

வட மாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகளையும் கட்டடப் பணியிடங்களையும் விட்டுவிடாதீர்கள். 2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னையின் புறநகர்ப் பகுதிகளில் அவர்கள் ஊருக்கு அனுப்பக் கோரித் தெருவில் இறங்கியதற்குக் காரணம் ஊரடங்கை மதிக்காத மனநிலை அன்று. கூலி நின்று, ஒப்பந்தக்காரர் தொலைபேசியை எடுக்காமல், அடுத்த வேளைக்கு என்ன என்பது தெரியாமல் ஒரு மாதத்துக்கு மேல் ஒரே அறையில் பலர் அடைந்து கிடந்ததே. இவர்களில் பலரிடம் இங்கே செல்லுபடியாகும் குடும்ப அட்டை இல்லை. சுவரில் ஒட்டும் தாளை இந்தி அறிந்த ஒருவரைக் கொண்டு இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை அதில் பெரிதாக எழுதுங்கள். அருகிலுள்ள அம்மா உணவகம் எது, அது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் சேருங்கள். அங்கே விலையில்லா உணவு வழங்கப்பட்ட நாட்களில் அதனால் பசியாறியவர்கள் ஏராளம்.

ஊருக்குப் போவதா, இருப்பதா

2020 ஜூன் ஊரடங்குக்கு முன்பு, சென்னையை விட்டு வெளியேறிய வாகனங்கள் செங்கல்பட்டு அருகே பரனூர் சுங்கச்சாவடியில் நீண்ட வரிசையில் நின்றன. வேலை போய், வாடகை கொடுக்க வழியில்லாமல் கிளம்பியவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. இருந்தாலும் கிளம்புமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்: வீட்டில் யாருக்காவது காய்ச்சலோ இருமலோ இருக்கிறதா; ஊரில் முதியவர்களிடமிருந்து விலகி இருக்கத் தனி அறை உண்டா; திரும்பி வர அனுமதி கிடைக்குமா. அனுமதி முறை அடிக்கடி மாறும். 2020இல் இ-பாஸ் கிடைப்பதே பெரும்பாடாக இருந்து, ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் வழங்கப்பட்டு, செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அது தேவையில்லை என்றானது; 2021 மே மாதத்தில் இ-பதிவு என்ற பெயரில் மற்றொரு முறை வந்தது. இடைத்தரகரிடம் பணம் கொடுத்து அனுமதி வாங்குவது ஒருபோதும் வேண்டாம். போலி அனுமதியோடு பிடிபட்டால் வழக்கு பயணியின் மீதும் பாயும்.

வதந்தியைத் தடுப்பது

கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற ஒரு பொய், 2020 மார்ச் மாதத்தில் நாமக்கல் வட்டாரக் கோழிப் பண்ணையாளர்களின் தொழிலையே முடக்கியது. ஊரடங்கு நாட்களில் பொய்கள் இன்னும் வேகமாகப் பரவும்: நாளை முதல் பால் இல்லை, வங்கி மூடப்படும், இந்தத் தெருவில் இத்தனை பேருக்குத் தொற்று. தெருக்குழுவில் ஒரு விதியை வகுத்துக்கொள்ளுங்கள்: அரசு அறிக்கையின் படமோ, தேதியோடு கூடிய இணைப்போ இல்லாமல் எவரும் ஊரடங்குச் செய்தி எதையும் போடக் கூடாது; போட்டால் ஒருவர் உடனே கேட்டு நீக்கச் செய்ய வேண்டும். பழைய அறிக்கைகள் மீண்டும் சுற்றுக்கு வருவதால் தேதி மிக முக்கியம். பேரிடர் குறித்துப் பீதியைக் கிளப்பும் பொய்த் தகவலைப் பரப்புவது, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் குழுவில் ஒருமுறை சொல்லி வையுங்கள்.

யாருக்குத் தொற்று என்று பெயர் சொல்லும் செய்தியை எந்த நிலையிலும் அனுமதிக்காதீர்கள். சென்னையில் தொற்று வந்த வீடுகளின் வாசலைத் தகரம் வைத்து அடைத்த நாட்களில், அந்தத் தகரத்துக்கு அஞ்சியே சிலர் பரிசோதனைக்குப் போகத் தயங்கினார்கள். அண்டை வீட்டார் ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சம் நோயைவிட நீண்ட நாள் நிற்கும்.

காவல் துறையிடமும் அரசிடமும் பேசுவது

உத்தரவை மீறினால் என்ன தண்டனை என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலான வழக்குகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் பதிவாயின. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு வந்திருக்கிறது, 144 தடை உத்தரவுக்குரிய அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவுக்குச் சென்றிருக்கிறது. வழக்குப் பதியலாம், சட்டத்தில் உள்ள அபராதம் விதிக்கலாம், வாகனத்தைப் பறிமுதல் செய்யலாம். அடிக்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகக் கூறிக் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. ஆகவே, கடைக்காரர்கள் மூடும் நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே கதவை இறக்கிவிடுவது நல்லது. தெருவில் எவரையாவது காவலர்கள் அழைத்துச் சென்றால், எந்த நிலையம், எத்தனை மணி, வாகன எண் என்ன என்பதைக் குறித்துக்கொண்டு இருவர் உடனே நிலையத்துக்குச் செல்வதும், வழக்கறிஞருக்குத் தகவல் சொல்வதும், தேவையானால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் மாநில மனித உரிமை ஆணையத்தையும் அணுகுவதும் அவசியம்.

உத்தரவில் குறை இருந்தால் அதை அரசிடம் சொல்வதும் தெருவின் கடமைதான். மக்கள் சொன்னால் அரசு கேட்காது என்பது உண்மையன்று. 2020 மே 7 அன்று சென்னை நீங்கலாக டாஸ்மாக் கடைகள் திறக்கப்பட்டு, வெயிலில் நீண்ட வரிசைகள் நின்றபோது, மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் சேர்ந்து மறுநாளே உயர் நீதிமன்றத்தின் மூடும் உத்தரவுக்கு வழி செய்தன. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்த பிறகுதான் அவை மீண்டும் திறந்தன. இ-பாஸ் முறை எளிதானதும் பொதுமக்களின் தொடர்ந்த முறையீட்டுக்குப் பிறகே.

முறையீடு பலிக்க வேண்டுமானால் அது குறிப்பாக இருக்க வேண்டும். "ஊரடங்கால் மக்கள் அவதி" என்று எழுதினால் அது கோப்போடு போய்விடும். "எங்கள் தெருவில் 140 வீடுகள் உள்ளன, காய்கறி வண்டி மூன்று நாட்களாக வரவில்லை, அருகிலுள்ள தெருவரை வருகிறது, காலை 8 மணிக்கு எங்கள் தெருமுனையிலும் அரை மணி நேரம் நிறுத்த வேண்டும்" என்பது போல, இடம், எண்ணிக்கை, வேண்டுகோள் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். மாநகராட்சி மண்டல அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ ஒரு படி, மாவட்ட ஆட்சியருக்கு ஒரு படி, வார்டு உறுப்பினருக்கு ஒரு படி என்று அனுப்பி, அனுப்பிய நாளை நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் 1077இல் அழைத்து, அழைத்த நேரத்தையும் பேசியவர் சொன்னதையும் அதற்குக் கீழே எழுதுங்கள்.

தளர்வு அறிவிக்கப்படும் நாளிலும் முதல் நாளைப் போலவே உத்தரவைப் படித்து, சுவரிலுள்ள பழைய தாளைக் கிழித்துப் புதியதை ஒட்ட வேண்டும். 2022 ஜனவரியில் இரவு நேர ஊரடங்கும் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கும் சில வாரங்கள் இருந்து விலக்கப்பட்டபோது, எது நீங்கியது, எது தொடர்கிறது என்பதில் பலருக்கும் குழப்பம் இருந்தது. கடைகள் திறக்கும் முதல் காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் போகாமல், அதே ஐந்து வீட்டுக்கு ஒருவர் முறையை இன்னும் இரண்டு நாட்களுக்கு நீட்டித்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தில் தினக்கூலி என்று குறித்த வீடுகளுக்கு மட்டும், வேலை உண்மையிலேயே தொடங்கிவிட்டதா, முதல் கூலி கைக்கு வந்துவிட்டதா என்பதை ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டுவிட்டு, அதன் பிறகு அவர்களுக்கான உதவியை நிறுத்துங்கள்.